இரும்புத்தலை மீன்

காலை ஐந்து நாற்பது. சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். சாவி ஜன்னலோரம்.

நேற்று, "அந்த மீனோடயே குடும்பம் நடத்துங்க" என்று கத்தியது தப்புதான். மகள் இறந்ததிலிருந்து ஏழு மாதமாக, அவள் நிறுத்திய இடத்திலிருந்தே அவளுடைய வீடியோ கேமை ஆடுகிறீர்கள். தினமும் அதில் வரும் இரும்புத்தலை மீன் முட்டிச் சாகிறீர்கள்.

அது பாயும்போது ஓடாதீர்கள். ஓடினால் துரத்தும். உடைந்த தூணுக்கு முன்னால் அசையாமல் நில்லுங்கள். அதன் கண் சிவந்ததும் ஒரே ஓர் அடி விலகுங்கள். தூணில் மோதி மல்லாந்துவிடும். வயிற்றில் மூன்று வெட்டு போதும்.

அவள்தான் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது. "அப்பா நாயைப் பார்த்தாலே ஓடுற ஆளு. நிக்கச் சொல்லும்மா."

நான் உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் ஜெயித்தால் கேம் புது இடத்தைத் தானாகப் பதிந்துகொள்ளும். அவள் நிறுத்திய இடம் அழிந்துவிடும். அதற்குத்தான் பயந்தேன்.

பி.கு: கேஸ்காரர் பத்து மணிக்கு வருவார். காலி சிலிண்டரை வாசலில் வையுங்கள்.

இன்னொன்று. இப்போதும் சீப்பைக் கையில் எடுத்தால் அவள் குரல் கேட்கிறது:

"அம்மா, அப்பாகிட்ட சொல்லிட்டியா?"