நல்ல கண்ணைத்தான் கட்டியிருக்கிறேன்

அய்யா துணை

மயிலாடி,
தை 26, 1955

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தானுக்கு, பகவதியம்மாள் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் மாமியும் நம் மகள் தங்கமும் சுகம். கொழும்பில் உங்கள் சுகத்துக்கு எழுதவும். போன கடிதத்தில் சுகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, முழுக்கக் கோபம்தான் இருந்தது. அதனால் கேட்கிறேன். கும்பப்பூ நெல் அறுப்புக்குப் பழுத்து நிற்கிறது. வெள்ளைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். தங்கத்தின் கண்ணில் கட்டியிருக்கும் துணியை உடனே அவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் மாசி இருபது அய்யா அவதாரத் திருநாளுக்கு ஊருக்கு வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவிழ்க்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மீதியைப் படியுங்கள்.

நல்ல கண்ணைக் கட்டிவிட்டேன் என்று மாமி ஆளைப் பிடித்து உங்களுக்கு எழுதியது பொய்யில்லை. தங்கத்துக்கு இடது கண்தான் மூக்கைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. நான் கட்டியிருப்பது நேராக இருக்கிற வலது கண்ணை. எனக்குக் கையும் தவறவில்லை, புத்தியும் தவறவில்லை. நாகர்கோவிலில் கண் டாக்டர் அப்படித்தான் கட்டச் சொன்னார். பிறந்த பிள்ளைக்குப் பார்க்கத் தெரியாதாம். நடக்கப் பழகுவது போலக் கண்ணும் பார்த்துப் பார்த்துத்தான் பழகுமாம். ஏழெட்டு வயது வரைக்கும்தான் அது நடக்கும், அதற்குப் பிறகு என்ன கட்டினாலும் படியாது என்றார். நம் பிள்ளைக்கு ஆறு முடியப் போகிறது. வலது கண் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வதால் இடது கண் சும்மா இருந்தே பழகிவிட்டதாம். நம் வீட்டில் நீங்களும் உங்கள் தம்பியும் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். கோபிக்க வேண்டாம். கோணல் முழுக்க நிமிருமா என்று சொல்ல முடியாது, பார்வை வரும் என்றார். எனக்குப் பார்வை போதும்.

முதலில் பாடுதான் பட்டோம். வாசற்படியில் இடறினாள், சுவரில் முட்டினாள், துணியைப் பிய்த்தெறிந்து அழுதாள். அடுக்களைக்குள் போய் நானும் அழுதேன். ஏட்டி, பிள்ளைக்க நல்ல கண்ணையும் பொட்டையாக்கவா பாக்கா என்று மாமி தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்கள். மாறுகண் அதிர்ஷ்டமாக்கும், எனக்க மவனுக்கும் அந்தக் கண்ணுதான், அவன் கடல் கடந்து போய் சம்பாதிக்கலியா என்றார்கள். கண்ணுக்கும் வயது உண்டு அத்தான். மாமிக்கே வெள்ளெழுத்து வந்துவிட்டது. அரிசியில் கல் பொறுக்கச் சுளவைக் கை நீட்டித் தூரத்தில் பிடிக்கிறார்கள். அதை யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்லக் காணோம். வரும்போது அவர்களுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கி வாருங்கள்.

கும்பிடப் போகிற தாங்கலிலும் பேச்சு வந்தது. சிலைக்குப் பதிலாக வைத்திருக்கிற அய்யாவின் கண்ணாடிக்கு முன்னால் பிள்ளையை ஒற்றைக் கண்ணோடு நிறுத்தலாமா என்று பெண்கள் கேட்டார்கள். நம்மை நாமே பார்க்கத்தானே அங்கே கண்ணாடி வைத்திருக்கிறது, பார்க்கப் பழகுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எது என்று திருப்பிக் கேட்டேன். கேட்டதோடு விடாமல் அவளை முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில்தான் அது நடந்தது. அன்றைக்கு அவசரத்தில் அவள் நெற்றியில் நாமம் இட்டு இழுத்துக்கொண்டு போயிருந்தேன். கண்ணாடிக்கு எதிரே கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்தாள். பிறகு, எம்மோ, நாமத்தைக் கோணலா இட்டிருக்கியே என்று உரக்கச் சொன்னாள். வழிபாட்டுக்கு நடுவே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். கோணல்தான். எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாமல் இருந்த கண் அது. மாமி பிள்ளையைப் பிடித்து இழுத்து, இடுக்கு வழியாகப் பார்க்கிறாளோ என்று துணியைச் சுற்றித் தடவிப் பார்த்தார்கள். இடுக்கு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து மாமி இந்தப் பேச்சை எடுப்பதில்லை. துணியை அலசிக் காயப்போடுவதுகூட இப்போது அவர்கள்தான். இதை உங்களுக்கு எழுத மட்டும் சொல்லவில்லை, கௌரவக் குறைச்சல்.

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது, மார்பளவு போதவில்லை என்று திருப்பிவிட்டார்கள் என ஊரில் சொன்னீர்கள். உள்ளதை எனக்கு மட்டும் சொன்னீர்கள். வலது கண்ணை மூடச் சொன்னார்களாம், எதிரே தொங்கின பலகையே தெரியவில்லையாம். அதைச் சொல்லும்போதுகூட நீங்கள் என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. கல்யாணப் படத்திலும் பக்கவாட்டில்தான் நிற்கிறீர்கள். அந்தக் கண் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, இருந்ததும் இல்லை. அது பிள்ளைக்கு வந்ததிலும் வருத்தமில்லை. ஆனால் என் மகள் யாருக்கு முன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க நான் விடமாட்டேன். நீங்களே வேண்டாம் என்றாலும் விடமாட்டேன்.

விடிந்ததும் கட்டுகிறேன், விளக்கு வைத்ததும் அவிழ்க்கிறேன். டாக்டர் போதும் என்று சொல்கிற வரைக்கும் இப்படித்தான் நடக்கும், நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும்.

நேற்று அந்தக் கல்யாணப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தாள். அப்பாக்கும் எனக்க கண்ணுதானாமே, சின்னதில அப்பாக்கு ஆரும் கட்டி விடலியா என்று கேட்டாள். அதை அப்பா வந்து சொல்வார் என்றேன். மாசி இருபதுக்கு வந்து, அவள் முகத்தை நேரே பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் இரண்டு கண்ணையும் அய்யா காப்பார்.

என்றும் உங்கள்,
பகவதியம்மாள்