ஆக்சிஜன் மரையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்

என் அன்பு மக்கா ஞானராஜுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உன்னை நினைத்தால் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதே கோபத்தோடுதான் இதையும் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும்.

ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? வெல்டிங் சிலிண்டர் வெடித்து வாத்தியார் செத்துப்போனார் என்கிறார்கள். என் வெல்டிங் சாமான் கடையிலிருந்து வந்த சிலிண்டர் அது. வெடிக்கவே இல்லை. சுசீந்திரத்தில் உன் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில், சங்கிலியில் கட்டியது கட்டியபடி நின்றது. வெடித்தது அதன் தலையில் நீ மாட்டிய ரெகுலேட்டர். கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று அடக்க ஆராதனையில் சொன்னார்கள். கர்த்தரா வந்து ரெகுலேட்டர் மாட்டினார்?

முப்பது வருஷம் பிசிக்ஸ் வாத்தியார். ஓய்வு பெற்றதும் பொழுதுபோக்குக்கு வெல்டிங் பழகினாய். பூந்தொட்டி ஸ்டாண்ட் செய்தாய், சபையின் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு இரும்புச் சட்டம் செய்தாய். பிறகு காஸ் வெல்டிங் வேண்டும் என்று வந்து நின்றாய். எல்லாம் என்னிடம் எடுத்தாய், ஆக்சிஜன் ரெகுலேட்டர் தவிர. ஏசி மெக்கானிக்கான உன் மச்சினன் பழைய நைட்ரஜன் ரெகுலேட்டர் ஒன்று கொடுத்திருந்தான்.

"அது ஆவாதுடே. ஆக்சிஜனுக்கு ஆக்சிஜன்னு எழுதினதுதான் போடணும்" என்றேன்.

நீ சிரித்தாய். "மக்கா, நான் வெர்னியர் வச்சு அளந்தாச்சு. ரெண்டும் ஒரே மரை. உனக்கு ஒண்ணு விக்கணும், அதுக்கா இந்தப் பாடு?"

அதோடு வாயை மூடிக்கொண்டேன். சைக்கிளில் கீலும் கொண்டியும் கட்டி வீடு வீடாக விற்று மேலே வந்தவன் நான். யார் என்ன சொன்னாலும் விற்காமல் திரும்பினதில்லை. உன்னிடம் மட்டும் கூச்சப்பட்டேன். ஒன்றைச் சும்மாவே எடுத்து உன் கையில் திணித்திருக்கலாம். அது ஏன் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை?

நீ அளந்தது சரிதான். எரிகிற காஸுக்கு மரை இடப்பக்கம் திரும்பும், நட்டில் வெட்டு இருக்கும், மாற்றி மாட்ட முடியாது. ஆனால் நைட்ரஜன் ரெகுலேட்டர் ஆக்சிஜன் சிலிண்டரில் அழகாக ஏறிவிடும். ஏறிவிட்டால் போதுமா? ஏசி வேலையில் கிடந்த ரெகுலேட்டருக்குள் எண்ணெய்ப் பிசுக்கு இருக்காதா? அதுவும் போதாதென்று நட்டு இறுக்கமாக இருந்ததாம். கதவு முனகினாலும் பூட்டு மக்கர் பண்ணினாலும் நம் ஊர்க்காரன் என்ன செய்வானோ அதையே நீயும் செய்தாய். அடுக்களைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து ஒரு சொட்டு விட்டாய். அவ்வளவு அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் தீப்பெட்டி வேண்டுமா? உனக்கா இதைச் சொல்ல வேண்டும்?

ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லாவிடம் நீயே இதைச் சொன்னாயாம். அடக்கம் முடிந்து அவள் என்னைத் தனியே கூப்பிட்டாள். கூடப் பிறக்காவிட்டாலும் அவளுக்கு நான் அண்ணன். "அண்ணே, எண்ணெய் விட்டாருன்னு யாருட்டயும் சொல்லாண்டாம். அவருட்டப் படிச்ச பிள்ளைகள் சிரிக்கும்." உன் மனைவி கேட்டு மறுக்க முடியுமா? வாக்குக் கொடுத்தேன். பழி என் கடைமேல் விழுந்தது, தாங்கிக்கொண்டேன்.

போன வாரம் ஆரல்வாய்மொழியிலிருந்து ஒருவன் வந்தான். சொந்த வீட்டுக்குத் தானே கேட் செய்கிறானாம், ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டும். பையிலிருந்து ரெகுலேட்டரை எடுத்துக் காட்டினான். ஆக்சிஜனுக்கானதுதான். ஆனால் நட்டு பளபளவென்று இருந்தது. மோந்து பார்த்தேன்.

"மரை முறுக்கா இருந்து அண்ணாச்சி. ஒரு சொட்டு விட்டேன், இப்ப வெண்ணெ மாதிரி ஏறுது" என்றான், பெருமையாக.

அவனை ஸ்டூலில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வெர்னியரைச் சொன்னேன், எண்ணெயைச் சொன்னேன், உன் பெயரையும் சொன்னேன். பெயர் இல்லாமல் சொன்னால் கதை என்று நினைத்துவிட்டுப் போய்விடுவான். "நானும் சார்ட்டதான் படிச்சேன்" என்றான் அவன். சிரிக்கவில்லை. ரெகுலேட்டரை என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.

அன்றைக்கே ஸ்டெல்லாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பிறர் வாயால் அவள் கேட்கக் கூடாது. "வாக்குக் குடுத்தீங்களே" என்றாள். கொடுத்தேன், மீறிவிட்டேன் என்றேன். அந்த ஆள் தலைக்கு வந்தது போனதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கதவைச் சாத்திவிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கதவை என் முகத்தில் சாத்த வைத்தவன் நீ. உயிரோடு இருந்திருந்தால் உன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

கேட்டுக்கோ. ரெகுலேட்டரைக் கொண்டுவந்து காட்டாத எவனுக்கும் இனி என் கடையில் ஆக்சிஜன் கிடையாது. என்ன காஸ் என்று அதில் எழுதியிருப்பதைப் படிப்பேன், மரையைத் துணியால் துடைத்துப் பார்ப்பேன். எதற்கு இந்தக் கெடுபிடி என்று கேட்கிறவனுக்கு, ஞானராஜ் வாத்தியார் எப்படிச் செத்தார் என்று முழுசாகச் சொல்லுவேன். ஸ்டெல்லா இன்னும் பத்து வருஷம் கதவு திறக்காமல் இருந்தாலும் சொல்லுவேன்.

கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும்
ஸ்டெல்லாவுக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
தங்கையா