தடுப்பூசிக்கு முந்திய பத்து நாள்

1998 நவம்பர் 9, திங்கள்

நாய்க்குட்டிக்குத் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி எந்த நாளில் தீர்ந்துபோகிறது? தெரியாது. பேராதனையில் விலங்கியல் படித்து, இருபத்துமூன்று வருடமாக அதையே படிப்பித்தும் தெரியாது. மிருக வைத்தியரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியாது. ஆனால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "குட்டிக்குக் குட்டி வித்தியாசப்படும் மிஸ்" என்றார். பாலின் காவல் இருக்கும்வரை ஊசி வேலை செய்யாது. அது போன பிறகு, ஊசி போடும்வரை, ஒன்றுமே இல்லை. அந்த இடைவெளிக்கு நான்தான் காவல்.

ஊசி மருந்து கண்டியிலிருந்து 19ஆம் தேதி வருகிறதாம். வியாழன். பத்து நாள்.

விடியற்காலை முதல் மழை. குட்டிகள் ஐந்தும் விறகுக் கொட்டிலில். ஐந்து வாரம். பெயர் வைக்கவில்லை. கழுத்தில் கம்பளி நூல்: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளை. தாய் கறுப்பி ரோட்டு நாய். ஒரு மழைக்கு ஒதுங்கியது, பிறகு போகவில்லை.

கொட்டில் வாசலில் மட்டையில் எழுதித் தொங்கவிட்டது:
செருப்பு வெளியே.
கால் பேசின் தண்ணீரில் (பிளீச்சிங் பவுடர் கரைத்தது, தினமும் புதிது).
கைக்குச் சவர்க்காரம்.
வேறு நாயைத் தொட்டவர்கள் வர வேண்டாம்.

மாத்தளையில் ஒருவரும் செருப்போடு என் வீட்டுக்குள் வந்ததில்லை. கொட்டிலுக்குச் செருப்பைக் கழற்றியவரும் இல்லை.

இன்று மேல்வளவுப் பொன்னையா மாஸ்டர் (இனி பொ.மா.) வந்தார். கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவர் வாங்கி வந்த இரண்டு குட்டிகளும் போன கிழமை இரத்தமாகக் கழிந்து செத்தன. இப்போது என்னிடம் ஒன்று வேண்டுமாம். சேறு அப்பிய செருப்போடு நேரே கொட்டிலுக்கு நடந்தார். மூன்று எட்டு இருக்கும்போது மறித்தேன்.

"நாய்க்குக் கோயில் கட்டிட்டீங்களா டீச்சர்? செருப்பக் கழட்டு, கால கழுவு. தேங்காயும் ஒடைக்கணுமா?"

செத்தவற்றை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கான்ல போட்டேன். மழை கொண்டுபோயிருச்சு. வீட்டு முத்தத்துக்குப் பினாயில் ஊத்துனேனே."

அந்தச் சாக்கடைக் கான் என் வேலியோரமாகத்தான் ஓடுகிறது. பினாயில் மணக்கும், அவ்வளவுதான். இந்தக் கிருமி அதற்குச் சாகாது, மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். வாய்விட்டுச் சொன்னேன். அவர் சிரித்தார். அதன் பிறகு நான் வாசல் கேற்றில் நின்று சொன்னது மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும்:

"இதுல ஒண்ணு செத்தாலும் உங்க செருப்பாலதான் மாஸ்டர்."

முகம் கறுத்துப் போனார். அவர் கேற்றைத் தாண்டுமுன்பே, நின்ற இடத்தில் ஒரு வாளி பிளீச்சிங் தண்ணீர் ஊற்றினேன். அவர் பார்க்கட்டும் என்றுதான்.

நவம்பர் 10, செவ்வாய்

மழை. பாடசாலை விட்டதும் உடுத்தியிருந்த சேலையோடு, ஒரு பை பிளீச்சிங் பவுடருடன், பொ.மா. வளவுக்கு.

அருவருப்பு. முற்றத்தில் தண்ணீர் தேங்கி, மஞ்சளாக நுரை. குட்டிகள் செத்த சாக்கு இன்னும் கிணற்றடியில். அவை தின்ற தட்டை அவர் மனைவி அரிசி களைகிற இடத்திலேயே வைத்துக் கழுவுகிறார். எங்கும் இலையான் மொய்க்கிறது. அந்த முற்றத்தை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக நடந்து, எங்கெங்கே தூள் போடவேண்டும், சாக்கை எங்கே எரிக்கவேண்டும் என்று காட்டினேன். பொ.மா. விறாந்தையில் பேப்பரை விரித்துப் பிடித்தபடி மனைவியிடம், "கவனமா கேட்டுக்க. பொறகு சோதனை வைப்பாங்க" என்றார்.

படித்த மனிதர். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணித நிறுவல் எழுதக் கற்றுக்கொடுத்தவர்.

திரும்பி வந்து கேற்றுக்கு வெளியிலேயே செருப்பை ஊறவைத்தேன். காலை முழங்கால் வரை கழுவினேன். கைக்கு இரண்டு முறை சவர்க்காரம். பிறகுதான் கொட்டில். ஐந்தும் பால்சோறு தின்றன. மஞ்சள் நூல் குட்டி என் சேலைக் கரையைக் கவ்விக்கொண்டு விடவில்லை, பிடுங்க வேண்டியிருந்தது. ஐந்தில் அதுதான் துடியானது.

சீனி, தீப்பெட்டி வாங்க மறந்தேன்.

நவம்பர் 12, வியாழன்

விடிந்தும் விடியாமலும் இராணுவத் தேடுதல். ஐந்து பேர். அலுமாரி, கட்டிலடி, மேசை லாச்சி, விடைத்தாள் கட்டு. அடையாள அட்டையில் என் பெயரை ஒருவன் எழுத்தெழுத்தாக வாசித்தான். பிறகு கொட்டிலையும் பார்க்கவேண்டுமாம். சப்பாத்தெல்லாம் ஊர்ச் சேறு. எத்தனை வளவு மிதித்து வந்தார்களோ.

சிங்களத்தில் சொன்னேன்: குட்டிகளுக்கு நோய் வந்துவிடும், ஊசி இன்னும் போடவில்லை, சப்பாத்தை இந்தத் தண்ணீரில் ஒருமுறை வைத்து எடுங்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். மூத்தவன் சிரிக்கவில்லை. கலேவெல ஊர்க்காரன். அவன் வீட்டு நாயும் போன வருடம் இரத்தமாகக் கழிந்துதான் போனதாம். முதலில் அவன் பேசினில் கால் வைத்தான், பிறகு ஒவ்வொருவராக நாலு பேரும். விறகை இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். குட்டிகளைத் தொடவில்லை.

பொ.மா. செய்யாததை இவர்கள் செய்தார்கள். அதில் மகிழ்ச்சி இல்லை. கேட்கும்போது என் குரலில் வந்த குழைவு இன்னும் காதில் இருக்கிறது. துவக்கோடு நின்றவனை "புதா" என்று கூப்பிட்டேன். மகனே என்று. என் வகுப்புப் பிள்ளைகளைக்கூட நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நவம்பர் 13, வெள்ளி

தூறல். பத்தாம் வகுப்பு விடைத்தாள் முப்பத்தெட்டு. ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "வைரஸ் கண்ணுக்குத் தெரியாதபடியால் கழுவ முடியாது." புள்ளி கொடுக்கவில்லை.

சமையலுக்கு வரும் செல்லம்மா (செ.) கொட்டில் வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "நீங்க ஒங்க மருந்த வைங்க, நான் என் மருந்த வைக்கிறேன். எது கேட்டாலும் நல்லதுதானுங்களே." விட்டுவிட்டேன். வேப்பிலைக்குச் செருப்பில்லை.

குட்டிகள் ஐந்தும் நலம்.

நவம்பர் 14, சனி

பக்கத்து வளவுப் பரீதா வேலியருகே வந்தார். நாயைத் தொடமாட்டார், கறுப்பி கிட்டே வந்தால் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு விலகுவார். ஆனால் இந்தப் பத்து வீட்டிலும் என் மட்டையை முழுதாக வாசித்தவர் அவர் ஒருவர்தான்.

"எங்களுக்கு நாய் நக்கினா ஏழு தரம் கழுவணும் டீச்சர். நீங்க இப்பதானே ரெண்டுக்கு வந்தீக்கிறீங்க."

நானும் சிரித்தேன். பிறகு, மிளகாய் காயப்போடுவதைப் பற்றிப் பேசுகிற குரலிலேயே:

"செவ்வாக்கிழம மாஸ்டர் வளவால வந்து கால நல்லாத்தான் கழுவினீங்க. சாரிக் கர சொட்டச் சொட்ட இருந்திச்சே. அதோடதானே குட்டிகள்கிட்ட போனீங்க?"

குனிந்து, உடுத்தியிருந்த சேலையின் கரையைப் பார்த்தேன்.

"நாங்க தொழ நிக்க முந்திப் பாக்கிறது அதத்தான், உடுப்புல எங்கயாச்சும் பட்டீக்குதான்னு."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் டீச்சருக்குச் சொல்றதா?" என்றார். கேலி இல்லை. அப்படி அல்லவா என்னை வைத்திருக்கிறேன், ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாத இடத்தில்.

அந்தச் சேலை அறைக்கதவின் பின்னால் கொழுவியில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை சலவைக்குப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கரையில் ஒரு சாண் உயரத்துக்குச் சேறு காய்ந்து வெடித்திருக்கிறது. ஓரிடத்தில் நாலு சிறு ஓட்டை. மஞ்சளின் பல்.

அந்த முற்றத்தைத் துடைத்தெடுத்துக்கொண்டு வந்து, குந்தி உட்கார்ந்து, வாயில் கொடுத்திருக்கிறேன்.

சேலையை அவித்தேன். அறையைக் கழுவினேன். இன்றோடு நாலு நாள். நோய் தெரிய மூன்று நாள் முதல் ஒரு கிழமை வரை ஆகும்.

நவம்பர் 15, ஞாயிறு

காலையில் மஞ்சள் தட்டுக்கு வரவில்லை. பத்து மணிக்கு வெள்ளை நுரையாக வாந்தி. உடனே குளியலறைக்கு மாற்றினேன். பி.ப. நாலு மணிக்கு இரத்தம். மணம் எழுதத் தெரியவில்லை. துருப்பிடித்த இரும்பும் அழுகலும். எத்தனை முறை கழுவினாலும் கையில் இருக்கிறது. இரவுச் சோற்றில் இருந்தது.

வைத்தியர் டெலிபோனில்: உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர், துளித்துளியாக. மற்ற நான்குக்கும் மருந்து வந்ததும் போடலாம். உள்ளே ஏற்கெனவே தொற்றியிருந்தால் பயனில்லை. "எங்கேயிருந்து வந்திருக்கும் மிஸ்?"

பக்கத்து வளவிலிருந்து, என்றேன். பொய்யில்லை.

நவம்பர் 17, செவ்வாய்

காலை 9.40க்கு மஞ்சள் போயிற்று. கடைசியில் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கவில்லை. ஒன்றையும் பார்க்கவில்லை. பாடசாலைக்கு அரைநாள் லீவு. நானே மூன்றடி வெட்டி, தூள் போட்டுப் புதைத்தேன். மழை விட்டிருந்தது.

குசினியில் தேநீர் ஊற்றும்போது கேற்றடியில் செ.யின் குரல். மீன்காரனிடமும் கீழ்வீட்டுக்காரியிடமும்:

"எல்லாம் அந்த மாஸ்டர் செருப்பால வந்ததுங்க. அம்மா அன்னைக்கே சொன்னாங்க. கேட்டாரா?"

"படிச்ச மனுசன் செய்ற வேலையா," என்றான் மீன்காரன்.

வெளியே போயிருக்கலாம். பதினைந்து எட்டு. தேநீரை முழுதாகக் குடித்து முடித்தேன்.

பொ.மா. கொட்டிலுக்குள் கால் வைக்கவேயில்லை. நின்ற இடத்தை நானே கழுவினேன். குட்டிகள் அந்தப் பக்கம் வந்ததுமில்லை. கொண்டுபோனது நான். நாளை பாடசாலைக்குப் போகுமுன் அவர் வீட்டுக்குப் போய், மனைவிக்கும் கேட்கும்படி, சொல்லவேண்டும். சொல்வேன்.

நவம்பர் 18, புதன்

வெயில். ஏழு மணிக்குப் பொ.மா. வீட்டுக் கேற்றடியில் நின்றேன், உள்ளே போகவில்லை. சாக்கு எரித்த இடத்தில் சாம்பல். முற்றமெல்லாம் வெள்ளையாகத் தூள். நான் காட்டிய இடத்தையெல்லாம் செய்திருக்கிறார்.

அவர் வெறுங்காலோடு வந்தார். ஒரு கிழமையில் கிழடாகிவிட்டார். நான் வாய் திறக்குமுன்பே, "செத்துருச்சாமே டீச்சர். என் செருப்பாலதான். ரோட்டுல எல்லாரும் சொல்றாங்க. அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிக்குங்க."

அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றார்.

"பரவாயில்ல மாஸ்டர்" என்றேன்.

சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். பேசினில் கால் வைத்தேன். சிவப்பு, நீலம், வெள்ளை மூன்றும் தின்றன. பச்சை தட்டு வரை வந்து, முகர்ந்து பார்த்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டது.