வாடை போய்விட்டதாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே இந்த நிமிஷம் வரைக்கும் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றி வாயைத் திறந்தால் பிடுங்கிக்கொண்டு பேத்தியைக் கொஞ்ச ஆரம்பித்துவிடுகிறார், அதில் எழுதி அனுப்பவும் எனக்குத் தெரியாது. உன் தோழி நாளைக் காலையில் அங்கே திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உன் தம்பிக்கு இருமல் குறைந்துவிட்டது, வாசல் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. அதெல்லாம் கிடக்கட்டும், கெளுத்தி மீன் விஷயத்துக்கு வருகிறேன். பயோஃப்ளாக் முறை என்று உன் அப்பா கொட்டகைக்குள் இரண்டு தொட்டி வைத்திருக்கிறார் அல்லவா, அதில் ஒன்று தரையில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டியது. இந்த முறையில் தண்ணீரை மாற்றுவதில்லை. மீன் கழிவைத் தின்று கிருமிகள் பெருக வேண்டும், அதற்குத்தான் கரும்புப் பாகைக் கரைத்து ஊற்றிக் காற்றை ஊதிக்கொண்டே இருப்பார். அந்தக் கிருமி திப்பி திப்பியாகத் திரண்டால் மீனுக்கு அதுவே தீனி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாகு தந்த ஆலை நின்றுபோனதும் மரவள்ளி மாவுக்கு மாறினார். மாவுதானே, எல்லாம் ஒன்றுதான் என்று சலிக்காமல் கொள்ளாமல் அள்ளி அள்ளிப் போட்டார். நாரும் கட்டியும் தரைத் தொட்டியில் காற்று போகாத அடியில் போய்த் தங்கிக் கறுப்புச் சேறாகிவிட்டது. ஒரு நாள் கொட்டகைக் கதவைத் திறந்தால் அழுகின முட்டை வாடை முகத்தில் அடித்தது. மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. நான் பதறினதற்கு, "மீன் உயிரோடதானே இருக்கு, உனக்கு என்ன வந்துச்சு?" என்றார். தீவனம் கொண்டுவருகிறவர் பார்த்துவிட்டு, கெளுத்தி மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும், அது உயிரோட இருக்குன்னு நம்பாதீங்க அண்ணே, சேத்துல விஷவாயு நிக்கும், தண்ணியை இறைச்ச பிறகு அந்தக் குழிக்குள்ள மட்டும் இறங்கிடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பாவா கேட்பார்? அவரவர் வியாபாரத்துக்கு ஒரு பயம் காட்டுவாங்க என்று சிரித்தார்.

நேற்று மீனைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றிவிட்டுத் தண்ணீரை இறைத்தார்கள். அடியில் முழங்கால் அளவு சேறு. தப்பின ஒரு மீன் குஞ்சு துள்ளிக்கொண்டிருந்தது, நம் வெள்ளைப் பூனை அதைப் பார்த்துக் கீழே குதித்தது. குதித்தது, இரண்டு எட்டு வைத்தது, படுத்துவிட்டது. அவ்வளவுதான். வயசான பூனை என்கிறார் உன் அப்பா. அதற்கு என்ன வயது என்று உனக்குத் தெரியாதா, உன் கல்யாணத்தின்போது கண் திறக்காத குட்டி. ஞாயிற்றுக்கிழமை குழிக்குள் இறங்கிச் சேற்றை அள்ளப் போகிறாராம். காலையிலிருந்து வாடையே இல்லை, எல்லாம் போயிடுச்சு என்கிறார். எனக்கோ கிணற்றடியில் நின்றாலே மூக்கைத் துளைக்கிறது. தம்பி வேறு அவருக்கு ஒத்து ஊதுகிறான், மேலே நின்று வாளியைத் தூக்குவானாம். அப்பா விழுந்தால் அவன் சும்மா நிற்பானா? அவனும் குதிப்பான். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லையடி எனக்கு. ஏணியைத் தூக்கி என் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். கயிறு கட்டி இறங்குகிறேன் என்கிறார்.

அவர் உன் பேச்சு ஒன்றைத்தான் கேட்பார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கூப்பிட்டு, அழுதாவது திட்டியாவது நிறுத்து. நான் எழுதினதாகச் சொல்லாதே. பேத்திக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் குறைவில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

உன்னையே நம்பியிருக்கும்,
அம்மா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் கொட்டகையைப் பூட்டிவிடலாம் என்று போனேன். கதவைத் திறந்ததும் ஒரு நொடி குப்பென்று அடித்தது, குழி ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். அங்கே வாடை சுத்தமாக இல்லை. பாவம், மனுஷன் சொன்னது நிஜம்தான், வீணாக அவரைக் கரித்துக் கொட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே வந்து அடுப்படியில் உட்கார்ந்தேன். தலை மட்டும் கொஞ்சம் வலித்தது. தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து அடுப்பை அணைத்தான். என் பக்கத்திலேயே பால் பொங்கித் தீய்ந்து கரியாகிக் கிடக்கிறது. எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை, கண்ணு.