மல்லிக்கு மருத்துவப் பயன் இல்லை

செஞ்சி
1.3.2026

அன்புள்ள ஆண்டாளுக்கு,

நான் நலம். நீயும் பூவாயியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கை வீட்டுக்குப் பத்து நாள் என்று போனாய். இன்று நாற்பத்தோராவது நாள். நான் எண்ணவில்லை, காலண்டரில் தானாகத் தெரிந்தது. போனில் கேட்டால் 'வரேன், வரேன்' என்கிறாய். மற்றதற்கெல்லாம் பூவாயி வீட்டு டிவிதான் பதில் சொல்கிறது. ஆகவே கடிதம். இங்கிருந்து அனந்தபுரத்துக்குப் பஸ் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், கடிதம் நான்கு நாள் எடுத்துக்கொள்ளும். அவ்வளவு யோசித்து வருவதும் நல்லதுதான்.

விஷயம் இது. நான் ஓய்வுபெற்றதை நூலகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 'வீட்டுத் தோட்டப் பூக்கள்: பொருளும் பயனும்' என்று ஒரு சிறுநூல் எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனதிலிருந்து ஊரில் எல்லோருக்கும் எதையாவது விளக்கும் பொறுப்பு வந்துவிட்டது. என் பங்குக்குப் பூ விழுந்திருக்கிறது. கைப்பிரதி இத்துடன் வருகிறது. திருத்திக் கொடு. மாதிரிக்குச் சில:

தாழம்பூ: பொய்சாட்சி சொன்னதால் சிவபூஜைக்கு ஆகாது. பொய்சாட்சி சொன்ன மனிதர்களை விலக்கும் வழக்கம் இல்லை.

கனகாம்பரம்: அழகு உண்டு, வாசம் இல்லை. யாருக்கும் தலைவலி தராது.

எருக்கு: பிள்ளையாருக்கு உகந்தது. பாழடைந்த வீட்டில் தானே முளைக்கும்.

மல்லி: மங்கலம், இல்லற இன்பம். பெண்கள் விரும்பிச் சூடுவது. மருத்துவப் பயன் ஏதுமில்லை.

பின்கட்டில் எருக்கு ஒன்று முளைத்திருக்கிறது. நான் இன்னும் உள்ளே குடியிருப்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

உன்
பாண்டுரங்கன்


அனந்தபுரம்
8.3.2026

என் வீட்டுக்காரருக்கு ஆண்டாள் வணக்கத்தோடு எழுதுவது.

கைப்பிரதியைப் படித்தேன். நந்தியாவட்டையைக் கசக்கிக் கண்ணில் பிழிவது என்று எழுதியிருக்கிறீர்கள். பிழிந்தால் கண் போய்விடும். தண்ணீரில் நனைத்து, மூடிய இமை மேல் வைப்பார்கள். குளிர்ச்சி, அவ்வளவுதான்.

அரளிக்குப் 'பக்தி' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். அது விஷம் என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் நூலைப் படிக்கிறவர்கள் நீங்கள் எழுதியதைச் செய்துபார்க்கக்கூடிய ஆட்கள்.

பவழமல்லி ஒன்றைத்தான் தரையில் விழுந்ததைப் பொறுக்கிச் சாமிக்கு வைக்கலாம். அதை விட்டுவிட்டீர்கள். செம்பருத்தி எண்ணெய்க்கு ஒற்றை அடுக்குப் பூ வேண்டும். அடுக்குச் செம்பருத்தி வேலிக்குத்தான் நல்லது.

மல்லிப் பக்கத்தை நான் தொடவில்லை. பிறகு பார்க்கிறேன்.

எருக்கைப் பிடுங்கும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு. பூவாயி உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நீங்கள் என்னை எப்போது கூப்பிட வருவீர்கள் என்று கேட்டாள். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆண்டாள்


செஞ்சி
15.3.2026

அன்புள்ள ஆண்டாளுக்கு,

நந்தியாவட்டை விஷயத்தில் செஞ்சி வட்டத்தின் கண்களைக் காப்பாற்றியிருக்கிறாய். திருத்தங்கள் அனைத்தும் ஏற்கப்பட்டன.

மல்லிப் பக்கம்தான் பாக்கி. மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. நம் படுக்கையறை ஜன்னலோரம் நான் போட்ட மல்லிப் பந்தல் இப்போது பூத்துக் குலுங்குகிறது. நீ இல்லாமல் பறிக்க ஆளில்லை. செடி கொடுத்த நூருல்லா நேற்று வந்தார்.

'அம்மா வர்லியா சார்?'

'வருவாங்க.'

'இதயேதான் போன மாசமும் சொன்னீங்க. இன்னா, சண்டயா?'

'சண்டையெல்லாம் இல்லப்பா.'

'சண்டன்னா கூடப் பரவால்ல சார், சரியாப் பூடும். சண்ட இல்லாமயே போயிட்டாங்கன்னாதான் டென்சன். என் செடிதான் ராசியில்லியோ?'

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கும் உறைத்தது. பந்தலில் முதல் மொட்டு வந்த வாரம்தான் நீ புறப்பட்டாய். உனக்காகத்தானே வைத்தேன்? இனியன் ஓசூரிலிருந்து போன் செய்து, 'அம்மா அங்க, நீ இங்க, வீட்ட வித்துட்டு வந்துடு நைனா' என்கிறான். நீ திரும்ப வரப்போவதில்லை என்றால் எனக்குச் சொல்லிவிடு. வீடு பற்றி யோசிக்க வேண்டும்.

நூலை உனக்குத்தான் சமர்ப்பிக்கிறேன். வாசகம்: 'நாற்பத்திரண்டு ஆண்டுகளாக நான் வாங்கித் தந்த மல்லியை ஒருநாளும் மறுக்காத ஆண்டாளுக்கு.' நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

உன்
பாண்டுரங்கன்


அனந்தபுரம்
22.3.2026

உங்களுக்கு,

அச்சுக்குப் போகும் முன் சமர்ப்பணத்தை எடுத்துவிடுங்கள். மல்லிப் பக்கத்தைத் திருத்தியிருக்கிறேன். உங்கள் முறையிலேயே எழுதுகிறேன்.

மல்லி: தாய்ப்பாலை வற்றவைக்கும். குழந்தை இறந்துபோனால் தாயின் மார்பில் வைத்துத் துணியால் கட்டுவார்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பூ மாற்ற வேண்டும். எனக்கு ஐந்து நாள் ஆனது.

நம் முதல் பெண்ணைத்தான் சொல்கிறேன். அவலூர்பேட்டையில், எங்கள் அம்மா வீட்டில், பிறந்த பதினோராம் நாள் ஜுரத்தில் போனாளே, அவள். அவள் போனது தெரியாமல் பால் சுரந்துகொண்டே இருந்தது. கடைத்தெருவிலிருந்து படிக்கணக்கில் மல்லி வாங்கி வந்தார்கள். அம்மா கட்டிக்கொண்டே, 'அழாதடி, பூ கசங்குது' என்றாள். ஆம்பளைகளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

ஒரு மாதம் கழித்து நீங்கள் என்னைக் கூப்பிட வந்தீர்கள். கையில் மூன்று முழம் மல்லி. ஆசையாகக் கொடுத்தீர்கள். எப்படி வேண்டாம் என்பது? வைத்துக்கொண்டேன். அன்று ஆரம்பித்தது.

உங்கள் மேல் கோபம் இல்லை. தலையில் வைத்ததைக் கழற்றிவிடலாம். ஜன்னலைக் கழற்ற முடியாது. பொழுது சாய்ந்தால் அந்த அறை முழுக்க அந்த ஐந்து நாள்தான்.

செடியை வெட்டாதீர்கள். அது என்ன செய்யும். நான் வருவதா இல்லையா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. வீட்டை விற்பதானால் நான் தடுக்கமாட்டேன்.

ஆண்டாள்


செஞ்சி
27.3.2026

ஆண்டாள்,

உன் கடிதம் நேற்று வந்தது. மூன்று முறை படித்தேன். பிறகு நூலகத்துக்குப் போய்க் கைப்பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். 'ஏன் சார்?' என்றார்கள். பூக்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது போதாது என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த மூன்று முழம் எனக்கும் நினைவிருக்கிறது. நீ வாங்கி உடனே வைத்துக்கொண்டாய். தேறிவிட்டாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தேன். நீ என் பக்கத்தில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாய். முப்பத்தாறு வருடம் நூலகத்தில் யார் என்ன கேட்டாலும் எடுத்துக் கொடுத்தேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளைப் பற்றிப் பேசினால் நீ அழுவாய் என்று பயம். நானும் அழுதுவிடுவேன் என்பது இன்னொரு பயம். இரண்டையும் சேர்த்து மல்லி என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் போல.

செடியை வெட்டவில்லை. நூருல்லா வேரோடு எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறார். பூத்திருக்கும்போது எடுத்தால் பிழைக்காதாம், பூ ஓயட்டும் என்கிறார். நீ சரி என்றால்தான். இனியனுக்குப் போன் செய்து வீட்டை விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு ஒரு அக்கா இருந்ததையும் சொன்னேன். 'அம்மாகிட்ட நான் கேக்கலாமா நைனா?' என்றான். நான் கேட்ட பிறகு நீ கேள் என்றேன்.

ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வெறுங்கையோடுதான். உன்னைக் கூப்பிட்டுக்கொண்டு போக அல்ல. அதை நீ எப்போது வேண்டுமானாலும் முடிவு செய். அவள் இருந்தது பதினொரு நாள். வேலை என்று சொல்லி நான் பார்த்தது இரண்டு நாள். மீதி ஒன்பது நாளை நீ சொல்ல வேண்டும். முதல் நாளிலிருந்து, விடாமல்.

பாண்டுரங்கன்