பால் பாத்திரம்

ஜூன் 3, புதன்

காலையில் மழை. பத்து மணிக்குத்தான் விட்டது. தேக்கா கடைத்தெருவுக்குப் போய் வந்தாயிற்று. வாங்கியவை: மஞ்சள், குங்குமம், நவதானியம், கல் உப்பு, பால் பாத்திரம். வெற்றிலை மறந்துபோச்சு.

வெள்ளிக்கிழமை பொங்கோலில் கவிதாவின் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். பெண் வீட்டார்தான் பாத்திரம் வாங்க வேண்டும். பெண் வீடு என்றால் இப்போது நான் ஒருத்திதான்; அவர் போய் மூன்று வருஷம். விதவை கையால் வாங்கலாமா என்று மாப்பிள்ளை மாதவனின் அம்மாவுக்கு முகம் கோணல். "எங்கம்மாதான் வாங்குவாங்க" என்று கவிதா அடித்துச் சொல்லிவிட்டாள். என் பெண்.

அங்கே இண்டக்‌ஷன் அடுப்பு. மாப்பிள்ளை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கித் தந்து, "இது ஒட்டுதான்னு பாத்து வாங்குங்க அத்தை" என்றார். வீட்டில் என் கல்யாணப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்தேன். வழுக்கி விழுந்தது; அந்த அடுப்புக்கு ஆகாது. இத்தனை வருஷம் அடுப்பில் வெந்தும் அதில் ஒரு நெளிவு இல்லை. பிடி ஆணி அடித்தது. அடியில் என் பெயர், இன்னும் படிக்கலாம்.

கடையில் எல்லாம் காகிதம் மாதிரி. கனமாக வேண்டும் என்றேன். கடைக்கார பாய் சிரித்தார்: "அந்தக் கனம் இப்ப வராதுக்கா. அடி மட்டும்தான் தடிமன். பேர் வெட்டச் சொல்லாதீங்க, ஓட்டை விழுந்துரும் லா." இருந்ததில் கனமானதை எடுத்தேன். பிடிக்கு ஆணி இல்லை, பற்றவைத்த ஒட்டுதான்.

ஜூன் 5, வெள்ளி

எழுதக் கை வரவில்லை.

பால் நன்றாகத்தான் பொங்கியது. சாமி முன்னால் வைக்கக் கவிதா தூக்கினாள். இடது பிடி கழன்று கையோடு வந்தது. பால் மொத்தமும் அவள் தொடையில், காலில். புடவை தோலோடு ஒட்டிக்கொண்டது. "அம்மா" என்றாள், ஒரே ஒரு தடவை.

பாத்ரூமில் அவள் காலில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வெளியே மாதவனின் அம்மா யாரிடமோ: "நான் அப்பவே சொன்னேன். யாரு கேட்டா?"

ஜூன் 6, சனி

வெயில். ஆஸ்பத்திரி. தழும்பு நிற்கும் என்கிறார் டாக்டர்.

கழன்ற பிடியைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். கடுகளவு இரண்டு பொட்டு பற்றவைத்திருக்கிறான், படுபாவி. மாதவனின் அம்மாவிடம் காட்டினேன். "பாருங்க சம்மந்தி, ஒட்டே சரியில்ல."

அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது ஏன் அன்னைக்குன்னு பாத்து விடணும்?"

பிடியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்குத்தானே முதல் தடவை பால் நிறைய ஊற்றித் தூக்கினோம்? இது ஈசூனில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தோன்றியது.

ஜூன் 9, செவ்வாய்

சமைக்கவில்லை. ரொட்டி.

கவிதா போன். "வெள்ளிக்கிழமை திரும்பப் பால் காய்ச்சணுமாம், அம்மா. அவர் அம்மாவே பாத்திரம் வாங்கிட்டாங்க. நீங்க... வராம இருந்தா பெட்டர்."

"நீயும் அப்படித்தான் நினைக்கிறியா?"

"தெரியலம்மா. பயமா இருக்கு."

அந்த அம்மாள் சொன்னதெல்லாம் பெரிதில்லை. இது தாங்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். புதுப் பாத்திரத்தின் பிடியை இழுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அழுகையில் மறந்துவிட்டது.

ஜூன் 12, வெள்ளி

மழை இருட்டு. துணி இன்னும் காயவில்லை.

இப்போதுதான் மாதவனிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம். "பால் வெச்சாச்சு அத்தை." மஞ்சள் பூசி, பூ சுற்றி, அதே ரகப் பாத்திரம். அதே அளவு, அதே பிடி, அதே ஒட்டு. விளிம்பு வரை பால். பக்கத்தில் காலில் கட்டோடு கவிதா.

அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மாதவனும் எடுக்கவில்லை. சம்மந்தியைக்கூடக் கூப்பிட்டேன்.

பிடியைத் தொடாதே என்று கவிதாவுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது.