எட்டாவது பாட்டு

என் தங்க அக்காவுக்கு,

மார்கழி வந்துவிட்டது. இந்த வருஷம் பிடித்த ஐந்து ஆல்பங்களை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளிக் காட்டில், நான் கள்ளக்குறிச்சி ஜெராக்ஸ் கடையில், ஆளுக்கொரு பட்டியல் போட்டு வருஷக் கடைசியில் மாற்றிக்கொள்வோமே, அதுதான். உன்னுடையது இனி வராது. தெரிந்தும் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

கடைக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. ஓடும்போது ஏதோ ஒரு தாளம் போடுகிறது. நீ இருந்தால் என்ன தாளம் என்று சொல்லியிருப்பாய்.

நீ வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, ஒன்றையும் தாண்டாமல் கேட்ட ஆல்பத்துக்குத்தான் பட்டியலில் இடம். மலையேறும் பஸ்ஸில் வளைவுகள் ஆரம்பித்ததும் சிக்னல் போய்விடும் என்று நீயே மெமரி கார்டில் ஏற்றித் தருவாய். "பஸ்ஸுல வேற இன்னா வேல உனுக்கு? காதுல மாட்டிக்கினு வா" என்பாய்.

ஆடியில் நீ கொடுத்த கார்டில், பறையும் கிடாரும் சேர்ந்த அந்த ஆல்பம் இருந்தது. மூன்று பாட்டு கேட்டேன். நாலாவதில் தூங்கிப்போனேன். அடுத்த வாரம் நீ போன் செய்தாய்.

"எட்டாவது பாட்டு எப்டிடி இருந்துச்சு?"

"சூப்பர்க்கா. எல்லாமே சூப்பர்."

"எட்டாவது?"

"அதான் இருக்கறதுலயே பெஸ்ட்டு."

சட்டென்று "சரிடி, வெக்கிறேன்" என்றாய். மாமா சாப்பாட்டுக்கு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் காய்ச்சல் என்று படுத்தாய். மூன்றாம் நாள் உன்னை மலையிலிருந்து கீழே கொண்டுவந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தேன். நீ கண்ணைத் திறக்கவே இல்லை. அதற்குமேல் எழுத என்னால் முடியவில்லை அக்கா.

சாமை அறுப்பு முடிந்தது, வந்து போ என்று மாமா கூப்பிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை போனேன். பட்டியலுக்காக அந்தக் கார்டைப் போனில் போட்டு, பஸ்ஸில் முதலிலிருந்து கேட்டேன். ஏழு பாட்டு முடிந்தது. எட்டாவதில் பறையும் இல்லை, கிடாரும் இல்லை. கோழி கத்தியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அப்புறம் உன் குரல்.

"ஆல்பத்துல ஏழு பாட்டுதான்டி. இது என்னுது, நானே கட்னது. நல்லா இல்லன்னாலும் சொல்லு. ஆனா முழுசா கேட்டுட்டுச் சொல்லு."

சாமைக் கொல்லையில் குருவி விரட்டுகிறவள், குருவி வராத ஒரு நாளில் அதைத் தேடுகிற பாட்டு. யார் முன்னாலும் வாய் திறந்து பாடாதவள் நீ. எத்தனை நாள் யோசித்து இதைப் பதிந்தாய்? நான் பெஸ்ட்டு என்றபோது உன் முகம் எப்படி இருந்தது? அன்றைக்கே என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? உடனே கேட்டிருப்பேனே.

பஸ்ஸை விட்டு இறங்கினேன். அழைத்துப்போக மாமா நின்றிருந்தார்.

"ஏம்மா அழுவுற? பஸ்ஸுல யாராவது எதுனா சொன்னாங்களா?"

ஒரு இயர்போனைக் கழற்றி அவர் காதில் வைத்து, எட்டாவதைத் திரும்பப் போட்டேன். பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றார்.

"களை எடுக்கறப்ப இதத்தான் பாடிக்கினு இருப்பா. இன்னொரு தபா பாடுன்னா பாட மாட்டா. மொதல்ல தங்கச்சி கேட்டுட்டுச் சொல்லட்டும்னுவா" என்றார்.

அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

பட்டியல் இதுதான். சென்னைப் பையன்களின் ராப் ஆல்பம் ஐந்தாவது. சும்மா கத்துகிறார்கள் என்பாய், எனக்குப் பிடித்திருக்கிறது. நாம் சண்டை போட்ட சினிமா ஆல்பத்தில் நீ சொன்னபடி இரண்டு பாட்டுதான் தேறும், பட்டியலிலிருந்து தூக்கிவிட்டேன். நாலு, மூன்று, இரண்டு எல்லாம் இன்னும் மாறலாம். முதலிடம் மாறாது. பறையும் கிடாரும் உன் பாட்டும், மொத்தம் எட்டு.

நல்லா இல்லையென்றாலும் சொல்லச் சொன்னாயே, சொல்கிறேன். இரண்டாவது சரணத்தில் சுருதி இறங்குகிறது. ஒரு இடத்தில் வரியை மறந்துவிட்டுச் சிரிக்கிறாய். மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது அக்கா. ரொம்ப நன்றாக இருக்கிறது. கேட்காத பாட்டைக் கேட்டேன் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். உன்னுடையதை முழுசாகக் கேட்டுவிட்டேன்.

உன் முதல் ரசிகையாக இருந்திருக்க வேண்டிய
உன் தங்கச்சி,
வசந்தி